தந்தி முதல் கணினி வரை: பிழையான எழுத்தை ஏற்க மறுத்த வரலாறு



தோட்டப்புறத்து மூத்தவர்களுக்குத் தந்தியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரிலிருந்து தந்தி வந்திருக்கிறது என்றால், உறையைப் பிரிக்கும் முன்னரே லயத்தில் அழுகுரல் எழுந்துவிடும். கிராணியாரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். நாலைந்து ஆங்கிலச் சொற்கள்தாம் இருக்கும். அந்த நாலைந்து சொற்களில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் படித்துச் சொல்பவர் ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். இந்தியாவில் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நின்றுபோயிற்று. இன்று கைத்தொலைபேசியில் தமிழிலேயே செய்தி வருகிறது. ஆயினும் ஒரு கேள்வி மட்டும் மாறவே இல்லை. வந்து சேர்ந்த எழுத்து சிதைந்திருந்தால், அதைப் படிப்பவர் என்ன செய்ய வேண்டும்? “இப்படித்தான் இருக்கும்” என்று தாமே ஊகித்துக்கொள்வதா? அல்லது “இது சரியில்லை, மறுபடி அனுப்புங்கள்” என்று திருப்பிவிடுவதா?

இக்கேள்விக்கு மனிதர்கள் விடை தேடிய வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். பார்ப்பதற்குச் சிறிய கேள்வி. இதனால் ஒரு வணிகர் 20,000 டாலரை இழந்திருக்கிறார். பின்னாளில் உலகம் முழுவதும் பல கணினிகள் ஒரே வாரத்தில் நோயுற்றிருக்கின்றன.

முதலில் தந்தியின் அடிப்படையை நினைவுபடுத்திக்கொள்வோம். அமெரிக்காவில் 1844-ஆம் ஆண்டில் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோர் நகருக்குத் தந்தி அனுப்பிக் காட்டினார். கம்பியில் எழுத்து ஓடுவதில்லை. குறுகிய ஓசை ஒன்று, நீண்ட ஓசை ஒன்று, இவ்விரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கித்தான் எல்லா எழுத்துகளையும் சொல்ல வேண்டும். குறுகியதைப் புள்ளி என்றும் நீண்டதைக் கோடு என்றும் அழைத்தனர். ஆங்கில ‘ஏ’ எழுத்துக்கு ஒரு புள்ளியும் ஒரு கோடும். ‘யூ’ எழுத்துக்கு இரண்டு புள்ளிகளும் ஒரு கோடும். இந்த இரண்டு எழுத்துகளையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அவை தேவைப்படும்.

கடலுக்கடியில் போட்ட கம்பி 1871-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூரைத் தொட்டது. அதற்கு முன்பு லண்டன் கடிதம் கப்பலில் வந்து சேர வாரக்கணக்காகும். கம்பி வந்தபின் விலை நிலவரம் அன்றன்றே வந்தது. பிற்காலத்தில் ரப்பர் விலையும் இப்படித்தான் லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிற்று. நம் பாட்டனார் வெட்டிய மரத்துப் பாலுக்கு என்ன விலை என்பது புள்ளியாகவும் கோடாகவும் கடலடியில் போய்வந்தது.

தந்திக்குக் கட்டணம் சொற்கணக்கில். கடல் கடந்த தந்தி மிகவும் விலை கூடியது. ஆகவே வணிகர்கள் ஒரு வழி கண்டார்கள். ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரே ஒரு சொல்லை வைத்தார்கள். அப்படிப்பட்ட சொற்களையெல்லாம் தொகுத்துச் சங்கேத நூல் என்று அச்சிட்டார்கள். அனுப்புகிறவரிடம் ஒரு பிரதி, பெறுகிறவரிடம் ஒரு பிரதி. வாக்கியத்தைச் சொல்லாக மாற்றுவது குறியாக்கம். சொல்லைத் திரும்ப வாக்கியமாக விரிப்பது குறிவிலக்கம். காசும் மிச்சம், நடுவில் இருக்கும் தந்தி ஊழியருக்கு விஷயமும் புரியாது.

நல்ல வழிதான். ஆனால் அதற்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. சாதாரணக் கடிதத்தில் ஓர் எழுத்து மாறினால் மற்ற சொற்களை வைத்துப் பொருளைப் பிடித்துவிடலாம். சங்கேதத்தில் ஓர் எழுத்து மாறினால் முழு வாக்கியமே வேறாகிவிடும்.

அப்படித்தான் நடந்தது. 1887-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், பிலடெல்பியா நகரத்துக் கம்பளி வணிகர் பிராங்க் பிரிம்ரோஸ் என்பவர், கன்சாஸ் மாநிலத்தில் இருந்த தம்முடைய முகவருக்கு வெஸ்டர்ன் யூனியன் கம்பெனி மூலம் ஒரு சங்கேதத் தந்தி அனுப்பினார். அதில் ‘பே’ என்றொரு சொல். மூன்று ஆங்கில எழுத்துகள், நடுவில் ‘ஏ’. இருவருக்கும் இடையிலிருந்த ஏற்பாட்டின்படி அதன் பொருள், “நான் வாங்கிவிட்டேன்” என்பது. தொடர்ந்து வந்த ‘குவோ’ என்ற சொல்லுக்கு 5 லட்சம் பவுண்டு எடை என்று பொருள். எல்லா வகையிலும் 5 லட்சம் பவுண்டு கம்பளி வாங்கிவிட்டேன் என்று அவர் தகவல் சொன்னார்.

வழியில் எங்கோ ஒரு புள்ளி கூடிற்று. நாம் முன்னே பார்த்த ‘ஏ’ என்ற எழுத்து ‘யூ’ ஆயிற்று. ‘பே’ என்ற சொல் ‘பை’ ஆயிற்று. ‘பை’ என்றால் ஆங்கிலத்தில் “வாங்கு” என்று பொருள். அதே தந்தியில் ‘டெஸ்பாட்’ என்ற இன்னொரு சொல்லும் ‘டெஸ்ட்ராய்’ என்று மாறியிருந்தது. முகவர் என்ன செய்வார்? இரண்டும் ஒழுங்கான ஆங்கிலச் சொற்கள்தாம். சந்தேகப்பட இடமே இல்லை. முதலாளி வாங்கச் சொல்லிவிட்டார் என்று எண்ணி மளமளவென்று கம்பளி வாங்கத் தொடங்கிவிட்டார். உண்மை தெரிந்து கணக்குத் தீர்த்தபோது நட்டம் 20,000 டாலருக்கும் மேல்.

பிரிம்ரோஸ் வழக்குத் தொடுத்தார். வழக்கு அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை சென்று 1894-ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. தந்தித் தாளின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை அச்சிட்டிருந்தது. பிழை இல்லாமல் இருக்க வேண்டுமானால், செய்தியை முதல் நிலையத்துக்கே திருப்பி அனுப்பச் செய்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். அதற்குப் பாதிக் கட்டணம் கூடுதல். பிரிம்ரோஸ் அந்தக் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தவில்லை. ஆகவே தந்திக்குக் கொடுத்த 1 டாலர் 15 காசு மட்டுமே அவருக்குத் திரும்பக் கிடைக்கும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐம்பத்தெட்டுக் காசை மிச்சம் பிடித்தவர் இருபதாயிரம் டாலரை விட்டார் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் நம்முடைய எண்ணத்தில் குற்றம் அவருடைய கஞ்சத்தனத்தில் இல்லை. அவருடைய சங்கேதத்தில்தான் இருந்தது. “வாங்கிவிட்டேன்” என்பதற்கும் “வாங்கு” என்பதற்கும் இடையே ஒரே ஒரு எழுத்தை, ஒரே ஒரு புள்ளியை, அவர் வேலியாக வைத்திருந்தார். அந்த வேலி சாய்ந்தால் விழுந்த சத்தமே கேட்காது.

தமிழில் நாம் இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். “பணம் அனுப்பு” என்பதும் “பணம் அனுப்பி” என்பதும் கடைசி எழுத்தில் ஒரு சுழி வித்தியாசம். முன்னது கட்டளை. பின்னது பாதியில் நிற்கும் சேதி. இரண்டுமே தமிழ்தான். அதனால்தான் கண் ஏமாறுகிறது. “பணம் அனுப்க” என்று வந்திருந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த சிறுவன்கூட “இது தப்பு” என்று சொல்லிவிடுவான்.

இந்தச் சிறுவன் சொல்வதைத்தான் சங்கேத நூல் செய்தவர்கள் ஒரு விதியாக்கினார்கள். பிழையைத் தடுக்க முடியாது. மழையிலும் இடியிலும் கம்பி இருக்கிறது, தூக்கக் கலக்கத்தில் ஊழியர் இருக்கிறார். ஆகவே பிழை நேர்ந்தால் அது பிழை என்று பளிச்சென்று தெரியும்படி செய்துவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

அதற்கு முதலில் எடுத்த முயற்சி சற்று முரட்டுத்தனமானது. எந்தெந்தச் சொற்களைத் தந்தியில் சங்கேதமாக ஏற்பது என்று அனைத்துலகத் தந்தி அலுவலகம் ஒரு பட்டியல் தயாரித்து 1894-இல் வெளியிட்டது. அதில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. பட்டியலில் இல்லாத சொல் சங்கேதமாகாது என்பது திட்டம். வணிகர்கள் ஏற்கெனவே பணம் போட்டு அச்சிட்ட நூல்களெல்லாம் வீணாகிவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. திட்டம் கைவிடப்பட்டது. 1903-ஆம் ஆண்டு லண்டனில் கூடிய மாநாடு, வாயால் உச்சரிக்கக் கூடியதாகப் பத்து எழுத்துகளுக்குள் இருந்தால் பொருளற்ற செயற்கைச் சொல்லையும் ஏற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது.

கதவு திறந்ததும் ஓர் அழகான முறை பரவிற்று. ஐந்தெழுத்துச் செயற்கைச் சொற்கள். அவற்றுள் எந்த இரண்டு சொல்லை எடுத்து ஒப்பிட்டாலும் குறைந்தது இரண்டு இடங்களில் வேறுபட வேண்டும் என்பது விதி. 1906-இல் வெளிவந்து உலகெங்கும் வணிகர் கையில் புழங்கிய பென்ட்லி சங்கேத நூல் இந்த வகையைச் சேர்ந்தது. இதன் பயன் என்ன? ஒரு சொல்லில் ஓர் எழுத்து மட்டும் மாறினால், வந்து சேர்வது நூலில் இருக்கும் இன்னொரு சொல்லாக இருக்கவே முடியாது. படிப்பவர் நூலைப் புரட்டுவார். அந்தச் சொல் அங்கே இராது. “மறுபடி அனுப்புக” என்று திருப்பித் தந்தி கொடுப்பார். பிரிம்ரோஸின் முகவருக்குக் கிடைக்காத சந்தேகம் இவருக்குக் கிடைத்துவிடுகிறது.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. 26 ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஐந்தெழுத்துச் சொற்கள் எத்தனை அமைக்கலாம் என்று பெருக்கிப் பார்த்தால் 1 கோடியே 18 லட்சத்துக்கு மேல் வரும். இரண்டெழுத்து வேறுபாடு என்ற விதியை வைத்தால் அதிகபட்சம் 4,56,976 சொற்கள்தாம் மிஞ்சும். இருபத்தாறில் இருபத்தைந்து பங்கைத் தூக்கியெறிய வேண்டும். வீண் என்று தோன்றுகிறதல்லவா? வீண் அல்ல. யாருக்கும் உரிமையில்லாத அந்தச் சொற்கள்தாம் காவல் காக்கின்றன. பிழை வந்து விழுவதற்கென்று விட்டுவைத்த வெற்று நிலம் அது. (எழுத்துகள் இடம் மாறி நின்றால் இரண்டு இடங்கள் மாறுமாகையால் இவ்விதி அதைப் பிடிக்காமல் விடலாம். அதற்கென்று பிறகு தனி விதிகளும் சேர்த்தார்கள்.)

பிறகு மனிதருக்குப் பதிலாக இயந்திரம் படிக்கும் காலம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வானொலி அலையில் தட்டெழுத்துச் செய்திகள் அனுப்பினார்கள். காற்றில் இரைச்சல் அதிகம். நெதர்லாந்து நாட்டுப் பொறியாளர் வான் டியூரன் வகுத்த ஏற்பாட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழு துடிப்புகள். அந்த ஏழில் சரியாக மூன்று மட்டுமே ஒரு வகையாக இருக்க வேண்டும். நான்கு இருந்தாலும் இரண்டு இருந்தாலும் இயந்திரம் அந்த எழுத்தை அச்சிடாது. தானாகவே அனுப்பும் நிலையத்தை அழைத்து மறுபடி கேட்கும். அப்படி அமையக் கூடிய எழுத்துகள் 35 தாம். அது போதுமானதாக இருந்தது.

மறுப்பது மட்டுமே போதுமா என்று கேட்டவரும் உண்டு. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹாமிங், வார இறுதியில் தம்முடைய கணக்கைக் கணக்கிடும் இயந்திரத்தில் போட்டுவிட்டுப் போவார். இயந்திரம் பிழையைக் கண்டுபிடிக்க வல்லது. ஆனால் விடுமுறை நாளில் திருத்த ஆள் இல்லை. பிழை கண்டதும் அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்தவர் கணக்குக்குத் தாவிவிடும். அடுத்தடுத்து இரண்டு வாரம் இப்படி ஏமாந்த ஹாமிங்குக்குக் கோபம் வந்தது. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரியாதா என்று யோசித்தார். 1950-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிழைதிருத்தும் குறியீடுகள் என்ற பெருந்துறை வளர்ந்தது.

இங்கே நாம் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஹாமிங் செய்தது ஊகம் அல்ல. திருத்துவதற்கு வேண்டிய கூடுதல் துப்புகளை முன்கூட்டியே செய்தியோடு அனுப்பிவிட்டு, அந்தத் துப்பைக் கொண்டு திருத்தினார். துப்பு எதுவும் இல்லாமல் “இப்படித்தான் இருக்கும்” என்று எழுதிக்கொள்வது வேறு. நம் குடும்பங்களுக்கு இது தெரிந்த கதைதான். பிறப்புப் பத்திரத்தில் பெயர் ஒரு விதம், பள்ளிப் பதிவில் இன்னொரு விதம், அடையாள அட்டையில் மூன்றாவது விதம் என்று அலைந்தவர்கள் எத்தனை பேர்! முகப்பில் இருந்தவர் காதில் விழுந்ததைத் தமக்குத் தோன்றியபடி எழுதினார். திருப்பிக் கேட்க அவருக்கு ஒரு நிமிடம் பிடித்திருக்கும். கேட்காததால் பிள்ளைக்கு ஆண்டுக்கணக்காக அலைச்சல்.

இனி கணினிக்கு வருவோம். கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணுக்குப் பைட் என்று பெயர். ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும். உலக மொழிகள் அனைத்துக்கும்? யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துப் பட்டியல் 1991-இல் முதன்முதலாக வந்தபோதே தமிழும் அதில் இடம்பெற்றது. அதற்கு முன்பே, 1985-இல், நம் மலேசிய நாட்டின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கித் தமிழைக் கணினியில் ஏற்றியிருந்தார் என்பதை இங்கே பெருமையோடு நினைவுகூரலாம். ஆனால் அந்த நாட்களில் எழுத்துருவுக்கு எழுத்துரு எண் வேறுபட்டது. ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றொருவர் திரையில் பூச்சி ஊர்ந்ததுபோல் தெரிந்த காலம் அது.

1992-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கென் தாம்சன், ராப் பைக் என்ற இரு வல்லுநர்கள் நியூ ஜெர்சியில் ஓர் உணவுக்கடையில் அமர்ந்திருந்தபோது, தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் ஒரு முறையை வரைந்தார்கள். யு.டி.எஃப்-8 என்பது அதன் பெயர். இன்று நம் கைத்தொலைபேசியில் படிக்கும் இணையத் தமிழ் பெரும்பாலும் இந்த முறையில்தான் வருகிறது.

அதை ரயில் வண்டியாக எண்ணிப் பாருங்கள். 128-க்குக் குறைந்த எண் தனியாக ஓடும் எஞ்சின்; அது ஆங்கில எழுத்தும் இலக்கமும். 224 முதல் 239 வரையிலான எண் முன்னால் வந்தால், பின்னே இரண்டு பெட்டிகள் வரும் என்று பொருள். பெட்டிகளெல்லாம் 128 முதல் 191 வரையிலான எண்களாகவே இருக்க வேண்டும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் இப்படி மூன்று பைட். ‘அ’ என்பது 224, 174, 133. ‘அம்மா’ என்ற சொல்லுக்குள் அகரம், மகரம், புள்ளி, மீண்டும் மகரம், கால் என்று ஐந்து குறிகள். மொத்தம் பதினைந்து பைட்.

இந்த ஒழுங்கில் பென்ட்லி நூலில் பார்த்த அதே வெற்று நிலம் இருக்கிறது. 192, 193, பிறகு 245 முதல் 255 வரை, ஆகப் பதின்மூன்று எண்கள் சரியான யு.டி.எஃப்-8 எழுத்தில் இன்று எங்குமே வரக் கூடாது. எஞ்சின் இல்லாமல் பெட்டி மட்டும் நிற்கக் கூடாது. இரண்டு பெட்டி என்று சொன்ன எஞ்சினுக்குப் பின் ஒரே பெட்டி இருக்கக் கூடாது. வேறு முறையில் எழுதிய கோப்பு தவறிப்போய் இங்கே வந்தால், பெரும்பாலும் முதல் சில சொற்களிலேயே சிக்கிக்கொள்ளும்.

ஆனால் விதி இருப்பது வேறு, அதைப் படிக்கும் நிரல் கண்டிப்பாக இருப்பது வேறு. பல நிரல்கள் தாராள மனத்தோடு எழுதப்பட்டன. பெட்டி குறைந்தால் என்ன ஆகும்? ‘அ’ என்ற எழுத்தின் கடைசிப் பைட் வழியில் தொலைந்துபோயிற்று, அதன் பின்னால் 1500 வெள்ளி என்று தொகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெட்டி வரும் என்று எஞ்சின் சொல்லிவிட்டது. தாராளமான நிரல் எதையும் சோதிக்காமல் அடுத்திருக்கும் ‘1’ என்ற இலக்கத்தைப் பிடித்து இரண்டாவது பெட்டியாக மாட்டிக்கொள்ளும். மிச்சம் 500 வெள்ளி. பிரிம்ரோஸின் கதைபோலவே இங்கும் சத்தம் கேட்காது. கண்டிப்பான நிரலோ, ‘1’ என்பது பெட்டியாக முடியாது என்று கண்டு அங்கேயே நிற்கும்.

இன்னொரு குறை இதைவிடப் பொல்லாதது. ஒரு பைட்டில் அடங்கும் எழுத்தை வேண்டுமென்றே இரண்டு பைட்டாக நீட்டி எழுதுவது. சாய்கோட்டுக்கு உரிய எண் 47. அதையே 192, 175 என்று இரண்டு பைட்டாக வேடமிட்டு எழுதினாலும், கூட்டிக் கழித்தால் 47 தான் வரும். தாராளமான நிரல் கணக்குப் போட்டுப் பார்த்து, “ஓ, சாய்கோடா, வா” என்று உள்ளே விட்டுவிடும்.

அதனால் என்ன கெடுதல் என்று நேயர்கள் கேட்கலாம். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் உலகம் அதைக் கண்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இணையப் பணிக்கணினி மென்பொருள், வெளியார் கேட்கும் கோப்பை எடுத்துத் தரும். அனுமதித்த அறையைத் தாண்டி மேலே ஏறிப்போகாமல் தடுக்க, இரு புள்ளியும் சாய்கோடும் சேர்ந்து வருகின்றனவா என்று சோதிக்கும். வேடமிட்ட சாய்கோட்டை அந்தச் சோதனை அடையாளம் காணவில்லை. சோதனை முடிந்த பிறகு உள்ளே இருந்த நிரல் வேடத்தைக் கலைத்துச் சாய்கோடாக ஆக்கிற்று. தோட்டத்து வாசலில் ஜாகா முகத்தைப் பார்த்து ஆளை விடுகிறார். முக்காடு போட்டு வந்தவனை ஆளறியாமல் விட்டுவிட்டார். ஸ்டோருக்குள் போய் முக்காட்டை எடுத்தபோது அவன்தான் விடக் கூடாது என்று சொல்லியிருந்த ஆள். வேடம் கலைந்த பின்னரே சோதிக்க வேண்டும். அதற்கும் மேலாக, வேடமிட்டு வருவதையே ஏற்கக் கூடாது. அடுத்த ஆண்டு, 2001 செப்டம்பர் 18-ஆம் நாள் பரவத் தொடங்கிய நிம்டா என்ற கணினிக் கிருமி பயன்படுத்திய வழிகளுள் இந்த ஓட்டையும் ஒன்று. ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு ஓராண்டு முன்பே வந்திருந்தும், அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகள் பல இருந்தன.

யூனிகோடு அமைப்பு 2001-இல் வெளியிட்ட பதிப்பில், நீட்டி எழுதிய வடிவத்தைப் படிக்கும் நிரல்கள் ஏற்கவே கூடாது என்று தடை விதித்தது. 2003 நவம்பரில் யு.டி.எஃப்-8 முறைக்கான இணைய விதி திருத்தி எழுதப்பட்டது. முன்பு ஆறு பைட் வரை நீளலாம் என்றிருந்ததை நான்காகக் குறைத்து, வேடமிட்ட வடிவங்களை அறவே விலக்கினார்கள்.

இவ்வளவு தாராளம் முதலில் எங்கிருந்து வந்தது? கெட்ட எண்ணத்திலிருந்து வரவில்லை. இணையத்தை வளர்த்தவர்களுள் ஒருவரான ஜான் போஸ்டல் 1980-இல் ஓர் அறிவுரை எழுதினார். நீ அனுப்புவதில் கட்டுப்பாடாக இரு, பிறர் அனுப்புவதை ஏற்பதில் தாராளமாக இரு என்பது அதன் சாரம். விருந்தோம்பும் நம் மக்களுக்கு மிகவும் பிடிக்கக் கூடிய கொள்கை. அன்று ஒருவரையொருவர் அறிந்த சில நூறு கணினிகள். இணைப்பு அறுந்துபோகாமல் இருப்பதே பெரிய காரியம். அந்த நிலையில் அது நல்ல அறிவுரைதான் என்று நாம் கருதுகிறோம். ஆனால் ஒருவன் தவறாக எழுதியதை எல்லாரும் பொறுத்துக்கொண்டால், அந்தத் தவறே நாளடைவில் வழக்கமாகிவிடும். ஒவ்வொரு நிரலும் தனக்குத் தோன்றியபடி பொறுத்துக்கொண்டால், ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இரண்டு பொருள்படும். 2023-இல் வெளிவந்த இணையத் தொழில்நுட்ப ஆவணம் ஒன்று போஸ்டலின் அந்தக் கொள்கையையே மறுஆய்வு செய்து, அதனால் விளைந்த தீமைகளை எடுத்துச் சொல்லிற்று.

சிதைந்த பைட்டைக் கண்டால் சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் போதுமே என்று சிலர் செய்வதுண்டு. அதுவும் சரியல்ல. தடைசெய்த சொல் ஒன்றை நடுவில் ஒரு சிதைந்த பைட்டை வைத்துப் பிளந்து அனுப்பினால், காவல் அதை அடையாளம் காணாமல் விடும். பின்னால் வரும் நிரல் அந்தப் பைட்டை நீக்கியதும் இரு பாதியும் ஒட்டிக்கொண்டு முழுச் சொல்லாகிவிடும். நீக்குவதைவிட, இங்கே ஏதோ கெட்டிருக்கிறது என்று காட்டும் குறியை அந்த இடத்தில் வைப்பது மேல். கருத்த வைர வடிவத்துக்குள் வெள்ளைக் கேள்விக்குறி ஒன்று சில வேளை நம் திரையில் தெரிகிறதே, அது இந்த வேலைக்கென்றே யூனிகோடு ஒதுக்கிய குறிதான். மூன்று பைட்டுள்ள தமிழ் எழுத்தை ஏதோ ஒரு நிரல் நடுவே வெட்டிவிட்டது என்பதற்கு அது பெரும்பாலும் சாட்சி.

கண்டிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. பைட்டுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் சொல் தவறாக இருக்கலாம். ‘கரி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கறி’ என்று எழுதினால் எந்தக் குறிவிலக்க நிரலும் தடுக்காது. எழுத்து எழுத்துதானா என்பதை மட்டுமே அது பார்க்கும். பொருளைப் பார்க்க மனிதர் வேண்டும்.

இன்று பரவலாகப் பயன்படும் பைத்தான் என்ற நிரல்மொழி, 2008-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பிலிருந்து எழுத்தையும் பைட்டையும் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. பைட்டை எழுத்தாக்கச் சொன்னால் அது கண்டிப்பாகவே படிக்கும். பிழை கண்டால் வேலையை நிறுத்தி, கெட்ட பைட்டின் எண் என்ன, அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, ஏன் ஏற்கவில்லை என்று மூன்றையும் சொல்லும். கெட்டதைத் தள்ளிவிட்டுப் போ என்றோ, கேள்விக்குறி வைத்துவிட்டுப் போ என்றோ அதனிடம் சொல்ல முடியும். ஆனால் அதை நிரல் எழுதுபவர் தாமே பெயர் குறிப்பிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்காமல் அது செய்வதில்லை.